படைப்புப் பெட்டியில் ஒளித்த பொடி

என்னைப் பெத்த பாசமுள்ள அப்பச்சிக்கு,

ஆத்தா இப்பக் கம்பு இல்லாம நடக்கிறாக. கேட்டா உங்களுக்குச் சந்தோசமாத்தான் இருக்கும். எனக்குத்தான் பயமா இருக்கு.

அந்த முழங்காலுக்கு எத்தனை வைத்தியம் பார்த்தோம்! பிரண்டைத் துவையல், முடவாட்டுக்கால் கிழங்குச் சூப்பு, தம்பி சிங்கப்பூர்ல இருந்து அனுப்புற மாத்திரை, வீடே நாறுற தைலம். "மருந்துக்கடையவே உங்காத்தா முட்டியில தேய்ச்சாச்சு"ன்னு கேலி பண்ணுவீகளே. எதுவும் பெருசாக் கேக்கலை. ஆனா ஒண்ணும் கெடுக்கவும் இல்லை.

நீங்க கண்ணை மூடுனப்புறம் ஒரு கல்யாண வீட்டுல யாரோ ஆத்தாவுக்கு ஒரு பொடி கொடுத்திருக்காக. டப்பாவுல பேரும் இல்லை, ஊரும் இல்லை. சாப்பிட்ட சுருக்குல வலி பறந்துபோச்சாம். இப்ப முகம் பொதபொதன்னு ஊதியிருக்கு, சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது.

செக்காலையில இருக்கிற டாக்டர்கிட்டக் கேட்டேன். "இப்படி உடனே கேக்குதுன்னா ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பொடியையும் அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. நீங்களாத் திடீர்னு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து"ன்னாரு. என்ன செய்வேன், அப்பச்சி?

கண்டனூருக்கு, ஆத்தாகிட்ட ஓடுனேன். "அது தீந்துபோச்சுடி"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாக. அஞ்சறைப்பெட்டி, தலையணை உறை, ஒண்ணு விடாமத் தேடுனேன். அப்புறம் பாத்தா, சாமி அறையில இருந்து வாயைத் துடைச்சுக்கிட்டே வாராக. எங்க ஒளிச்சிருக்காகன்னு நினைக்கிறீக? படைப்புப் பெட்டிக்குள்ள! முன்னோருக்குப் படைக்கிறப்ப மட்டும் திறக்கிற பெட்டி. சரியா மூடாத பெட்டியில, உங்க வேட்டிக்கு அடியில டப்பா தெரிஞ்சுச்சு. கட்டிக்கொடுத்த மக நான் அதைத் தொடக்கூடாது, அந்தத் தைரியம் அவுகளுக்கு.

"ஆத்தா, இது உங்களுக்கே நல்லாருக்கா?"

"உங்கப்பச்சி படைப்புக்கு நாற்காலியில உக்காந்தாடி கும்பிடச் சொல்றே? விழுந்து கும்பிடணும். அதுவரைக்கும் கால் மடங்குனாப் போதும். அப்புறம் என்ன ஆனா என்ன?"

அப்புறம் என்ன ஆனா என்னவாம்! நீங்க கேட்டீகளா இப்படி ஒரு கும்பிடு? உசிரோட இருந்தப்ப அவுக குனிஞ்சு காப்பி டம்ளரை எடுத்தாலே "மெதுவா, மெதுவா"ன்னு பதறுவீகளே.

நாளைக்கு மறுபடி போறேன். ஆத்தா கண்ணு முன்னாலயே பெட்டியைத் திறப்பேன். உங்க வேட்டி மடிப்புக் கலையாம எடுத்து வச்சுட்டு, டப்பாவோட அவுகளையும் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவேன். என்னைத் திட்டட்டும், அழட்டும். பங்காளிக பேசுறதைப் பேசட்டும். குத்தம்னா என்னோட போகட்டும். ஆனாலும் திறப்பேன்.

படைப்பன்னிக்கு உங்களுக்கு எதுத்தாப்புல நாற்காலியை நானே போடுவேன். ஆத்தா உக்காந்துதான் கும்பிடுவாக, நீங்க ஏத்துக்கிடணும். அவுகளை இப்பவே உங்ககிட்ட அனுப்ப மாட்டேன். இது சத்தியம்.

உங்க பெட்டியில கை வைக்கத் துணிஞ்ச மூத்த மக,
உமையாள்