அடிப்பக்கம் ஒன்று, முக்கோணம் இரண்டு

6/6, சனி

விடிந்ததிலிருந்து மழை. கொமுட்டர் ரயில் தாமதம். பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்வதற்குள் கால்சட்டை முழங்கால் வரை ஈரம். பாத்திமா எனக்கு முன்பே வந்து, வழக்கமான சாப்பாட்டுக் கடையில் சுவரோர மேசையைப் பிடித்துவைத்திருந்தாள். எம்பிஏ நுழைவுத் தேர்வுக்குச் சேர்ந்து படித்தவர்கள் நாங்கள். பயிற்சி வகுப்பு முடிந்துவிட்டது, சனிக்கிழமையை இருவரும் விடவில்லை. அவள் ராமநாதபுரத்துக்காரி, இங்கே கணினி வேலை. கணக்கில் புலி. எனக்கு ஆங்கிலம் பரவாயில்லை. ஆளுக்கு ஆள் உதவி.

இன்று ‘போதுமா, போதாதா’ கேள்விகள் மட்டும். விடை கேட்க மாட்டார்கள். கொடுத்த இரண்டு தகவல்களை வைத்து விடை சொல்ல முடியுமா என்றுதான் கேட்பார்கள். போன தடவை என்னைக் கவிழ்த்தது இதுதான்.

கணக்கு: இரண்டு முக்கோணங்கள். இரண்டுக்கும் அடிப்பக்கம் ஒன்றே, (0,0) முதல் (6,0) வரை. ஒன்றின் உச்சி (p, q), மற்றதன் உச்சி (r, s). முதல் முக்கோணத்தின் பரப்பு பெரியதா?
தகவல் 1: p, r-ஐ விடப் பெரியது.
தகவல் 2: q, s-ஐ விடப் பெரியது.

படம் போட்டேன். q உயரத்தில், s கீழே. இரண்டாவது தகவல் மட்டுமே போதும் என்று எழுதினேன். தப்பு. நேற்றும் இதே மாதிரிக் கணக்கு, இதே தப்பு.

பாத்திமா திட்டவில்லை. s எங்கே இருக்கலாம் என்று மட்டும் கேட்டாள். சாம்பார் வாளியோடு வந்த அண்ணன் தாளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

8/6, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. எங்கள் சரக்கு அலுவலகத்தில் இரண்டு கப்பல் ஒரே நாளில், காகித வேலை மலை. நான் வேலை கற்றுக்கொடுத்த இரண்டு பேர் இப்போது எனக்கு மேலதிகாரிகள். பட்டம் இருக்கிறது அவர்களுக்கு. கோபம் இல்லை. இல்லை என்று எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் செய்தி. கொழுந்தன் தினேஷுக்கு நிச்சயதார்த்தம், இருபதாம் தேதி காலை, சுங்கை பூலோவில் பெண் வீட்டில். என் தேர்வும் இருபதாம் தேதி காலைதான். அத்தை தெரிந்து வைத்த தேதி இல்லை. நான்தான் தேர்வு நாளை வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

வாங்க வேண்டியவை: வெங்காயம், ஜாதிபத்திரி, இவருக்கு முட்டிவலித் தைலம்.

9/6, செவ்வாய்

தேர்வு நாளை மாற்றப் பார்த்தேன். காலியாக உள்ள தேர்வு நாட்களெல்லாம் ஜூலையில். பல்கலைக்கழகத்துக்கு இந்த மாதக் கடைசிக்குள் மதிப்பெண் போயாக வேண்டும்.

இவரிடம் சொன்னேன். கன்டெய்னர் லோரி ஓட்டிவிட்டுக் களைத்து வந்த மனிதர், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அடுத்த வருஷம் எழுதக் கூடாதா என்றார். போன வருஷமும் இதைத்தான் சொன்னார் என்று நினைவுபடுத்தினேன். அம்மாவிடம் தான் பேசுவதாகச் சொன்னார். வேண்டாம், நானே பேசுகிறேன் என்றேன்.

11/6, வியாழன்

பேசிவிட்டேன்.

மாமனார் போன பிறகு அத்தை எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நிற்பதில்லை. பெண்ணுக்குப் பொட்டும் பூவும் வைக்க வேண்டியது மூத்த மருமகளான நான். தெரிந்துதான் போய் நின்றேன். அத்தை பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அத்தே, அன்னிக்குக் காலைல எனக்குப் பரீட்ச. முடிச்சிட்டு நேரா வந்துடுறேன்.”

கத்தி நிற்கவில்லை.

“அப்ப யாரு பொட்டு வைக்கிறது? நானா?”

இவருடைய சித்தி வைக்கட்டுமே என்றேன். காயைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

13/6, சனி

மழை இல்லை. பாத்திமா இன்று படமே போட விடவில்லை. பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அக்கா, நீங்க எப்பப் பாத்தாலும் ரெண்டு முக்கோணத்தையும் கோட்டுக்கு மேலயே போடுறீக. கீழ போடக் கூடாதுன்னு யாரு சொன்னா?”

அவ்வளவுதான். q 2, s மைனஸ் 5 என்று வைத்தால் q பெரியதுதான். ஆனால் உயரம் 2 எங்கே, 5 எங்கே. பரப்பு 6, 15. கீழே தொங்கும் முக்கோணம் பெரியது. இரண்டு தகவலையும் சேர்த்தாலும் போதாது.

எனக்கு நானே:
– அடிப்பக்கம் ஒன்றானால் உயரம் மட்டும் பார்.
– உயரம் என்பது அச்சிலிருந்து தூரம். தூரத்துக்கு மைனஸ் கிடையாது.
– உச்சி இடம் வலம் நகர்ந்தால் வடிவம் கோணலாகும், பரப்பு மாறாது.
– ‘இரண்டும் மேலே’ என்று கேள்வியில் எழுதியிருக்கிறதா, நானே நினைத்துக்கொண்டேனா?

ரயிலில் வரும்போது இருபது கணக்கு போட்டேன். கண் எரிகிறது. பரவாயில்லை.

வீட்டில் அத்தை என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் இவரிடம் கேட்கிறார்.

17/6, புதன்

மேலாளர் சனிக்கிழமை கூடுதல் வேலைக்கு வரச் சொன்னார். முடியாது என்றேன். இந்த வாரம் நிறைய ‘முடியாது’ சொல்லியாகிவிட்டது.

நிச்சயதார்த்தத் தட்டுகளுக்குப் பழம், பலகாரம், வெற்றிலை எல்லாம் கிள்ளான் போய் நானே வாங்கி அடுக்கினேன். மஞ்சள் துணி மூடிக் கட்டினேன். அத்தை வந்து ஒரு முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

20/6, சனி

எல்லாரும் சுங்கை பூலோ போக வேனில் ஏறும்போது நான் ரயில் நிலையம் போக இறங்கி நடந்தேன். தினேஷ் மட்டும் கண்ணாடியைத் தாழ்த்தி, “அண்ணி, நல்லா எழுதுங்க லா” என்றான். அத்தை முன்னால் பார்த்தபடி இருந்தார்.

கேள்விகளை வெளியே சொல்லக் கூடாதாம், கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பாத்திமாவிடம்கூடச் சொல்லப் போவதில்லை. இங்கே மட்டும்.

முக்கோணம் வந்தது. இரண்டு, ஒரே அடிப்பக்கம். முதல் தகவல் இடம் வலம் பற்றியது, உதறினேன். இரண்டாவது, q-வின் வர்க்கம் s-இன் வர்க்கத்தைவிடப் பெரியது. இதுவும் போதாது என்று அழுத்தப் போனேன், கீழே தொங்குமே என்ற பயம். நிறுத்தினேன். வர்க்கம் எடுத்தால் மைனஸ் போய்விடும். மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் q-தான் அச்சிலிருந்து தூரம். உயரம் அதிகம், பரப்பு அதிகம். இரண்டாவது மட்டுமே போதும். அழுத்தினேன்.

கடைசிக் கேள்வி வரை போனேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை. திரையில் மதிப்பெண். பல்கலைக்கழகம் கேட்கும் அளவுக்கு மேலே. கொஞ்சம்தான் மேலே, ஆனால் மேலே. கழிப்பறைக்குள் போய் முகத்தை நனைத்துக்கொண்டு நின்றேன்.

ரயிலில் சுங்கை பூலோ போய் இறங்கியபோது பந்தி முடியும் நேரம். இவர்தான் சொந்தக்காரர் ஒருவரின் காரில் கூட்டிப் போக நிலையத்துக்கு வந்திருந்தார். தேறிவிட்டேன் என்றேன். சிரித்தார், வண்டியை எடுத்தார். பிறகு சொன்னார். சித்தி குங்குமத்தைக் கையில் எடுத்ததும் பெண் யாழினி எழுந்து நின்றுவிட்டாளாம். அத்தையைப் பார்த்து, “ஆன்டி, நீங்க வைங்க. எனக்கு நீங்க வச்சாதான் வேணும்” என்றாளாம். சொந்தங்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். பெண்ணின் அம்மாவே அத்தையின் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்தாராம்.

உள்ளே போய் யாழினியைப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு சற்றே கோணல். நான் அங்கே இல்லாதது வலித்தது. நான் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்பதும் தெரிந்தது.

அத்தை எனக்கு இலை போடச் சொன்னார். என்னிடம் இல்லை, பரிமாறுகிறவரிடம்.

21/6, ஞாயிறு

நாள் முழுக்கத் தூக்கம். பாத்திமாவிடம் மதிப்பெண் மட்டும் சொன்னேன். அவள் தேர்வு அடுத்த மாதம். இனி சனிக்கிழமைகளில் நான் ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும்.

25/6, வியாழன்

மாலையில் காற்று, மழை வரவில்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது.

துணி மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து எதிரில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“வகுப்பு எந்தக் கெழம வைப்பாங்க?”

“சனிக்கெழம, அத்தே.”

சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தார்.

“அப்ப தினேஷ் கல்யாணத்த ஞாயித்துக்கெழமையா பாக்கச் சொல்லணும்.”