அத்தானுக்கு ஒரு மைதானம்

மார்ச் 4
அக்கா வீட்டுப் பின்புறத்தில் புல்தரை போட வேண்டுமாம். பக்கவாதம் வந்த அத்தான் நடந்து பழகுவதற்கு. விழுந்தாலும் அடிபடாது என்று டாக்டர் சொன்னாராம். யோசனை கேட்டது யாரிடம்? நர்சரிக்காரரிடம்! பதினாறு வருடமாகக் கால்பந்து மைதானத்தின் தரையைப் பார்த்துக்கொள்ளும் தங்கை நான் இருக்கும்போது!

மார்ச் 6
நர்சரிக்காரர் பெரிய விஞ்ஞானி மாதிரி மண்ணைப் பிசைந்து பார்த்தார். "களிமண்தான். இதையே கொத்தி மக்குன எரு கலந்தா போதும்மா."
பூந்தொட்டி விற்கிறவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? மழை பெய்தால் சேறாகும், மிதித்தால் இறுகும்.
"எங்க தரைல பத்துக்கு ஒம்பது பங்கு மணல். இருபத்திரண்டு பேர் ஓடினாலும் அசையாது" என்றேன்.
"இங்க ஒருத்தர்தானேம்மா நடக்கப் போறாரு?"
இதற்கெல்லாம் பதில் சொல்வார்களா?

மார்ச் 15
களிமண்ணை அள்ளி லாரியில் ஏற்றியாயிற்று. ஒரு முழ ஆழத்துக்குச் சலித்த மணல், பேருக்குக் கொஞ்சம் எரு, மேலே பாயாகச் சுருட்டி வந்த புல். நூல் பிடித்தாற்போல் மட்டம். நர்சரிக்காரர் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

மார்ச் 29
புல் மஞ்சளாகிறதாம். அக்காவுக்குத் தண்ணீர் விடக்கூடத் தெரியவில்லை.

ஏப்ரல் 9
அத்தான் விழுந்துவிட்டார். புல் வேர் பிடிக்கவே இல்லை; காய்ந்த மணலில் ஊன்றுகோல் புதைந்து, குப்புற. நெற்றி வீங்கியிருக்கிறது. இனி வெளியே வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.
"தண்ணி ஊத்தினியா?" என்றுதான் முதலில் கேட்டேன். சீ!
"காலைல ஊத்தினா மத்தியானத்துக்குள்ள காயுதுடி. அவரைக் குளிப்பாட்டுவேனா, புல்லைக் குளிப்பாட்டுவேனா?" என்று அழுதாள் அக்கா.
மைதானத்தில் தானாகச் சுற்றித் தெளிக்கும் குழாய் இருக்கு. வாரா வாரம் உரம் போட ஆள் இருக்கு. இங்க? ஒரு ஓஸ் பைப், ஒரு அக்கா. இதுகூடவா உறைக்கல எனக்கு? பதினாறு வருஷமாம், பதினாறு வருஷம்! மற்றவர்களுக்கு மண்டையில் களிமண் என்றால் எனக்கு மணல்.

ஏப்ரல் 12
மணலையெல்லாம் வாரி வெளியே கொட்டினேன். தோட்டத்து மண்ணும் எருவும் புதுப் புல்லும் கேட்டு நர்சரிக்காரரிடமே போய் நின்றேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை அந்த மனிதர். அதுதான் பொறுக்க முடியவில்லை.

மே 18
புல் பிடித்துவிட்டது. அத்தான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "உன் கிரவுண்டுதானே, நீயே விளையாடு."
சொல்லட்டும். எனக்கு வேண்டியதுதான்.

ஜூலை 20
இரண்டு மாதம் கழித்து இன்றுதான் அக்கா வீட்டுக்குப் போனேன். பின்வாசல் படியிலிருந்து துணிக்கொடி வரை புல் நசுங்கி, நடுவில் வழுக்கையாக ஒரு பாதை. அதன் ஓரமாகவே ஊன்றுகோல் குத்திய சின்னச் சின்னக் குழிகள். மைதானத்தில் எவனாவது இப்படிப் பண்ணியிருந்தால் தோலை உரித்திருப்பேன்.
தொடாமல் விட்டுவிட்டு வந்தேன்.