கரண்டுக் கம்பியில் வந்த பேச்சு

ஆடி 3, வெள்ளி

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் வெயில். காலில் மாவுக்கட்டுக்குள் ஒரே அரிப்பு. ஈர்க்குச்சி விட்டுச் சொறிந்தேன். கே.ஜி.கண்டிகை வளைவில் சைக்கிளோடு விழுந்ததிலிருந்து கட்டிலே கதி. தறி ஷெட்டை என் மனைவி சரோஜாதான் பார்த்துக்கொள்கிறாள். வீட்டிலிருந்து நாலைந்து வாசல் தள்ளி ஷெட். அங்கே என்ன நடக்கிறதோ.

அக்கா வீட்டுக்காரர் பாவா வந்தார். கையில் இரண்டு மரப்பெட்டி. பாவாவுக்கு ரேடியோ ரிப்பேர் கடை மட்டும் போதாது, எதையாவது கண்டுபிடிக்க வேண்டும்.

"ஒண்ணு இங்க, ஒண்ணு ஷெட்ல. ரெண்டையும் பிளக்ல சொருவிட்டா போதும். கரண்டு வர்ற கம்பியிலயே பேச்சும் போவும் முனி. தனியா ஒயர் இழுக்க வேணாம்."

நம்பவில்லை. ஷாக் அடித்தால்? அப்புறம்தான் விளக்கினார். இளமையில் டவர் நடும் வேலைக்குப் போனபோது பார்த்தாராம். சப்ஸ்டேஷன்காரர்கள் பெரிய லைனிலேயே ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களாம். அதைச் சின்னதாகச் செய்தாராம்.

மதியம் சோதனை. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். தறி ஓடும்போது வெறும் இரைச்சல். சாப்பாட்டு நேரத்தில் தறி நின்றதும் பேச்சு வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது போல. சரோஜாவா, மேஸ்திரி ஏழுமலையா என்றே தெரியவில்லை.

"இந்த ஊர்லயே உனக்கு மட்டுந்தான் செஞ்சேன்" என்றார் பாவா. இவருக்கு என்மேல் திடீரென்று ஏன் இத்தனை அக்கறை?

ஆடி 4, சனி

வெயில். பெட்டியை அணைக்கவில்லை. ஷெட் பெட்டியின் பொத்தான் அடிக்கடி அழுந்தியபடியே நின்றுவிடுகிறது; அங்கே பேசுவது தெரியட்டும்.

கேட்டவை: ஏழுமலை இருமல். யாரோ பீடிக்கு நெருப்பு கேட்டது. "அவரு படுத்துகினு இருக்கறதுல நமக்கு நிம்மதி" என்று ஒரு குரல், பிறகு சிரிப்பு. யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போகும் காவடிகள் இன்றே தெருவில். ஆந்திராக்காரர்கள் பஸ் பஸ்ஸாக.

ஆடி 6, திங்கள்

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

மதியம். தறிகள் நின்றிருந்தன. பெட்டியில் முதலில் கரகரப்பு, பிறகு ஒரு பெண் குரல்.

"...காலை எடுத்துடணும்னு சொல்லிட்டாராம். வேற வழியில்லன்னு..."

ஆண் குரல் ஏதோ கேட்டது. இரைச்சல்.

"அவருக்கு இப்ப சொல்லாத. கிருத்திகை கழியட்டும். அப்பறம் மெதுவா..."

அவ்வளவுதான். மறுபடி கரகரப்பு.

போன வாரம் என் எக்ஸ்ரேயை பாவாதான் மெட்ராஸ் டாக்டரிடம் எடுத்துப் போனார். திரும்பி வந்து "எலும்பு நல்லா கூடுது" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாரா? யோசிக்க யோசிக்க, பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

சாயங்காலம் சரோஜா வந்தாள். கேட்டேன், "டாக்டரு வேற ஏதாவது சொன்னாராமா?"

"இன்னா சொல்லுவாரு? எல்லாம் நல்லாத்தான் கீது" என்று சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையா?

ஆடி 7, செவ்வாய்

மேகமூட்டம். தூக்கமில்லை. விரல்களை ஆட்டிப் பார்த்தேன். ஆடுகின்றன. ஆடும் காலை எதற்கு எடுக்க வேண்டும்?

சந்தேகப்பட வேண்டியவை:
கேட்காமலே காபியில் இன்னொரு கரண்டி சர்க்கரை.
சரோஜா என் கால் கட்டைவிரலை அழுத்தி "வலிக்குதா?" என்றது. உணர்வு இருக்கிறதா என்று பார்க்கிறாள்.
ஆர்.கே.பேட்டையிலிருந்து அக்கா வந்திருக்கிறாள். சமையலறையில் இருவரும் குசுகுசு. நான் கூப்பிட்டதும் நின்றுவிட்டது.
கிருத்திகைக்கு சரோஜா காவடி எடுக்கிறாளாம். எனக்காகவாம். எலும்பு நன்றாகக் கூடுகிறது என்றால் காவடி எதற்கு?

ஏழுமலை வந்து தறிக் கணக்குச் சொன்னான். என் காலைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். இவனுக்கும் தெரியும்.

மகள் வள்ளி பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நைனா, கட்டு பிரிச்சதும் என்ன மலைக்குக் கூட்டினு போவியா?" குழந்தையிடம் மறைத்துவிட்டார்கள். அல்லது குழந்தையை விட்டுச் சொல்லவைக்கிறார்கள். ஆகட்டும் என்றேன்.

ஒற்றைக் காலோடு தறிக்காரன். அறுந்த இழையை ஓடிப்போய்ப் பிடிப்பது யார்?

ஆடி 9, வியாழன்

காலையில் ஒரு மழை. இன்று வெடித்துவிட்டது.

அக்கா, பாவா, சரோஜா எல்லாரும் இருந்தார்கள். கேட்டுவிட்டேன்.

"எப்ப எடுக்கறாங்க? நாளு குறிச்சாச்சா?"

"இன்னாத்த?" என்றாள் சரோஜா.

"என் கால. திங்கக்கிழம மத்தியானம் ஷெட்ல நின்னுகினு பேசனியே. கிருத்திகை கழியட்டும்னியே. எல்லாம் காதுல உழுந்துது."

அவள் முகம் போன போக்கு. முதலில் ஒன்றும் புரியாத முகம். பிறகு பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னை.

"அப்போ நான் இன்னா பேசறேன்னு கேக்கறதுக்கா இத வெச்சுகினு படுத்துகினு இருக்க?"

"பேச்ச மாத்தாத."

"திங்கக்கிழம மத்தியானம் நான் ஷெட்லயே இல்ல. ஏழுமல பொண்டாட்டிக்கு வலி எடுத்துச்சுன்னு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன். ஷெட்ட பூட்டிட்டு எல்லாரையும் சாப்பிட அனுப்பிட்டேன். போயி கேளு. பொம்பள கொழந்த."

பூட்டிய ஷெட்டில் பேச்சு எப்படி வரும்? பொய்தான் என்று நினைத்தேன். பாவாவைப் பார்த்தேன். முதலில் சிரிக்க வாய் திறந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது.

"முனி... இன்னொரு ஜோடி செஞ்சேன். பின்தெரு மரக்கடக்காரரு வூட்டுக்கு. அம்மா வூட்ல இருந்து கடையில இருக்கற புள்ளகிட்ட பேசறதுக்கு."

"எனக்கு மட்டுந்தான்னீங்க?"

"சொன்னேன்தான். நீ கோச்சுக்குவேன்னு மறச்சிட்டேன். டவர் லைன்ல பேச்சு வேற பக்கம் ஓடாம இருக்க பீப்பா மாதிரி ஒரு சுருள் தொங்கவுடுவாங்க. நம்ம பெட்டியில அதெல்லாம் இல்ல. ரெண்டு தெருவுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மரு. அவங்க பேசனது இங்க வந்துட்டு கீது."

மரக்கடை துரைசாமி. பெரிய உடம்பு, சர்க்கரை வியாதி. ரொம்ப நாளாய் ஆறாத கால் புண்ணோடு படுத்திருப்பவர். அந்தக் குரல் அவர் மனைவி கனகம்மாவுடையது. கேட்டது மகன் குமார்.

என் கால் தப்பியது. வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம், அதுதான் உண்மை. இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது.

எக்ஸ்ரேயைக் கொண்டுவரச் சொல்லி நானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் ஒரு சந்தேகம், இது என் எக்ஸ்ரேதானா என்று. ஓரத்தில் பெயர் இருந்தது.

சரோஜா பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆடி 10, வெள்ளி. கிருத்திகை

நல்ல வெயில். தெரு முழுக்க மஞ்சள் துணி, அரோகரா. ஊரில் ஒரு தறி ஓடவில்லை. சரோஜா காவடி எடுத்துப் போனாள், என்னோடு பேசாமலேயே. அக்காவும் வள்ளியும் கூட. வீட்டில் நான் மட்டும்.

பெட்டியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று நேற்றே முடிவு. பிடுங்கவில்லை. தறிகள் நின்றதால் இரைச்சலே இல்லை. கிணற்றுக்குள் காது வைத்தாற்போல.

பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஆண் குரல். கனத்த குரல்.

"குமாரு... கடையில யாருனா கீறீங்களா? தண்ணி வோணும்."

கிருத்திகை அன்று கடை ஏது. மறுபடியும் கூப்பிட்டது. மூன்றாம் முறை பொத்தானை அழுத்தினேன்.

"நான் குமாரு இல்லிங்க. முன்தெரு தறி ஷெட்டு முனிரத்தினம்."



"நீ எப்பிடி இதுல வந்த?"

"என்னாண்டயும் இந்த மாதிரி பெட்டி கீதுங்க. ஒரே கரண்டு."

"எழுந்து வந்து கொஞ்சம் தண்ணி குடுத்துட்டுப் போயேன்."

"கால் ஒடஞ்சி மாவுக்கட்டு போட்டு கீதுங்க."

"நல்லா கீது போ. ரெண்டு பேரும் படுத்துகினே பேசலாம்." சிரித்தார். எல்லாரும் மலைக்குப் போயிருக்கிறார்களாம், அவர் பெயருக்குத்தான் வேண்டுதலாம். சுவரைப் பிடித்து நகர்ந்து வந்து பெட்டியிடம் உட்கார்ந்திருக்கிறாராம். பிறகு குரல் மாறிவிட்டது.

"எத்தினி நாளா எங்க பேச்ச கேட்டுகினு கீற?"

"வேணும்னு கேக்கலிங்க."

"கேட்டல்ல. அவங்க என் காலப் பத்தி இன்னாமோ பேசிக்கறாங்க. நான் கூப்ட்டா நிறுத்திக்கறாங்க. பெத்த புள்ள என் மூஞ்சப் பாக்க மாட்டேங்கறான். நீ சொல்லு. இன்னா பேசிக்கனாங்க?"

என் விரல் பொத்தான்மேல். நமக்கு எதற்கு என்றும் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு முகமும் பொய்யாய்த் தெரியும் வீட்டில் படுத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். எனக்கு அது வீண் சந்தேகம். அவருக்கு நிஜம்.

"எடுத்துடணும்னு டாக்டரு சொன்னாராம். நான் கேட்டது அவ்ளோதாங்க."

வெளியே ஒரு காவடிக் கூட்டம் போய் முடிந்தது. அப்புறம் அவர் குரல், நிதானமாக.

"எதுவரைக்கும்? பாதமா, முட்டி வரைக்குமா?"

"அது தெரியலிங்க ஐயா."

"ஆங். செரி."

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

சரோஜா சாயங்காலம் வந்தாள். நெற்றியில் வைக்க விபூதி கொடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். "சொல்லிட்டியா" என்றாள். திட்டவில்லை. நேற்றைய சண்டைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

ஆடி 11, சனி

காலையிலேயே புழுக்கம். தறி ஓட ஆரம்பிக்கும் முன்பே பெட்டியில் சண்டை.

"நீதான்டா சொல்லி கீற. எத்தினி தரம் சொன்னேன், வாயக் கட்டுன்னு."

"நான் இல்லம்மா. மாமாதான் ஒளறி இருப்பாரு. நேத்து வந்தாரில்ல."

"மாமா மேல போடாத. உன் மூஞ்சியே சொல்லுது."

"சாமி சத்தியமா நான் இல்ல. ஏன்ம்மா நம்பமாட்டேங்கற?"

பையன் அழுகிறான் போலிருந்தது. துரைசாமி என் பெயரைச் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தப் பையன்மேல் பழி நிற்கும், அவ்வளவுதான்.

சரோஜா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

அழுத்தினேன். "அம்மா, தறி ஷெட்டு முனிரத்தினம் பேசறேன். குமாரு சொல்லல. நாந்தான் சொன்னேன்."

எப்படிக் கேட்டது, எப்படிச் சொன்னேன், எல்லாம் சொன்னேன்.

காபி ஆறுவதற்குள் கனகம்மா நேரில் வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. அடிப்பார் என்றுதான் நினைத்தேன். சரோஜா நாற்காலி போட்டாள். உட்காரவில்லை. பெட்டியை ஒருமுறை பார்த்தார், என் கட்டைப் பார்த்தார்.

"ராத்திரி எங்க எல்லாரையும் கூப்ட்டு வெச்சி, நாளைக்கே மெட்ராஸ் போவலாம், எடுக்க வேண்டியத எடுத்துடலாம்னு சிரிச்சிகினே சொன்னாரு. எனக்கு அந்த சிரிப்ப பாக்க முடியல. தம்பி, உன்கிட்ட பேசனப்ப... அழுதாரா?"

ஆமாம் என்பதா, இல்லை என்பதா. எது அவருக்கு வேண்டும் என்று முகத்தில் தேடினேன். தெரியவில்லை.

"தெரியலம்மா. பொத்தான்ல இருந்து கைய எடுத்துட்டாருன்னா இந்தப் பக்கம் ஒண்ணும் கேக்காது."

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.