இஸில்டாவின் கல்லறை வாசகம்

செயின்ட் எலிசபெத், ஜமைக்கா
ஞாயிறு மாலை

அன்பு மகள் நோவ்லெட்டுக்கு,

லீட்ஸ் குளிரில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், உன் அப்பாவும் சுகம். அவர் கொஞ்ச நாள் படுத்திருந்தால் ஊரும் சுகமாக இருக்கும். போனில் பேசினால் பக்கத்தில் நின்று என் இங்கிலீஷைத் திருத்துவார், அதனால்தான் கடிதம். ஹோப்டனின் மனைவி இஸில்டா தவறியதை எழுதியிருந்தேன். அடக்க ஆராதனையில் சர்ச் நிரம்பிய கூட்டம். உன் அப்பாவின் டாமினோ கூட்டாளி ஹோப்டன், மீன்களைத் தவிர யார் முன்னாலும் நின்று பேசியறியாத மீனவர், காகிதத்தோடு எழுந்து, இஸில்டா தனக்குச் சொன்ன 'அட்வைஸஸ்' எத்தனையோ என்று வாசித்தார். இரண்டாம் வரிசையிலிருந்து உன் அப்பா, பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றது அவருக்கு மட்டும்தான் தெரியாதே, அட்வைஸ் எண்ண முடியாத சொல்லு ஹோப்டன், அதுக்குப் பன்மை கிடையாது என்றார். மெதுவாகத்தான் சொன்னாராம். பாடகர் குழு வரைக்கும் கேட்டது. ஹோப்டன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாதியிலேயே இறங்கி உட்கார்ந்துவிட்டார். அவர் அக்கா பெர்லைன்தான் எழுந்து, ஏன் டீச்சர், அவ சொன்னதை எண்ணிப் பாக்க நீங்க என்ன அந்த வீட்டு அடுப்படியிலயா கெடந்தீங்க என்று கேட்டாள். நான் தொப்பியை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து உன் அப்பா டாமினோ மேசையில் போய் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு உடனே வீட்டில் வேலை வந்துவிடுகிறது. கடைக்கார டெல்ராய், டீச்சர், அரிசியை எண்ண முடியாதாமே, எப்படிப் போடட்டும் என்று கேட்கிறான். கிண்டலென்று புரியாமல், ராத்தல் கணக்கில் கேட்டால் இலக்கணப்படி சரி என்று இவர் நின்று விளக்கிவிட்டு வருகிறார். தலைமுடியும் எண்ண முடியாத சொல்லாம். அவர் தலையில் மிச்சமிருப்பதை நான் எண்ணிக் காட்டத் தயார். சர்க்கரைவள்ளிப் புட்டிங் செய்து கொடுத்து, ஹோப்டனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். போய், தனக்குக் கோபம் மனிதர்மேல் இல்லை, சொல்லின்மேல்தான் என்று உதாரணங்களோடு விளக்கிவிட்டுத் திருப்தியாகத் திரும்பி வந்தார். என் பாத்திரம் திரும்பி வரவில்லை. பிறகு வராந்தாவில் தனியாக உட்கார்ந்து இடது கைக்கும் வலது கைக்கும் டாமினோ ஆடினார். தோற்ற கையைத் திட்டினார். இந்த வயதில் அவருக்கு இன்னொரு சிநேகிதரை நான் எங்கே போய்த் தேடுவது?

போன வியாழன் ஹோப்டனே வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, கல்லறைக்கு எழுதினதை நீட்டி, கல்லுல ஏறிட்டா அழிக்க முடியாது டீச்சர், ஒரு தடவை பாத்துடுங்க என்றார். அட்வைஸ் இந்த முறை ஒழுங்காக ஒருமையில் இருந்தது. ஆனால் அடுத்த வரியில் இஸில்டாவின் பொறுமைக்கு நன்றி சொல்லும்போது, 'பேஷன்ஸ்' என்ற சொல்லின் வாலில் ஒரு 'எஸ்' ஒட்டியிருந்தது. அதே பன்மைத் தப்பு, எனக்கே தெரிந்தது. உன் அப்பாவின் கை சட்டைப்பையின் சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று. முழங்கையால் இடிக்கத் தயாராக நின்றேன். அவர் மறுபடி வாசித்தார், மூக்கைச் சிந்தினார், எல்லாம் சரியா இருக்கு ஹோப்டன், ஒரு எழுத்தைக்கூட மாத்தாதே என்றார். ஹோப்டன் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

கல் நட்டாயிற்று. டீச்சரே பாத்துக் குடுத்ததாக்கும் என்று ஹோப்டன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். இவரிடம் பிரம்படி வாங்கியவர்களெல்லாம் அந்தக் கல்லைப் போய்ப் பார்த்துவிட்டு, கிழவருக்குக் கண்ணு போயிடுச்சு என்று சிரிக்கிறார்கள். உன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டே நடந்துவிடுகிறார். வீட்டுக்கு வந்து என்னைத் திருத்துகிறார். நேற்று இரவு என் ஜெபத்தை ஆமென்னுக்கு முன்பே திருத்தினார்.

கம்பளிக் காலுறை போடு, வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. கிறிஸ்துமஸுக்கு நீ வந்ததும் ஹோப்டன் உன்னைக் கல்லறைக்கு அழைத்துப் போவார். நீயும் இங்கிலீஷ் டீச்சர், அப்பாவின் வாய் அப்படியே உனக்கு வந்திருக்கிறது. கல்லை முழுவதும் வாசி, ரொம்ப நல்லா இருக்கு மாமா என்று சொல். அந்த நேரத்தில் அப்பாவின் முகத்தைப் பார்க்காதே.

உன் அம்மா,
மெர்லீன்