கதிர் தங்காது

மார்ச் 4, செவ்வாய்

மின்னல் வீடியோவை எடிட் செய்து முடித்தேன். ஒரே இடத்தில் மின்னல் இரண்டு தடவை விழாது என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்களாம். உயரமான கோபுரத்தில் வருடத்துக்கு எத்தனையோ தடவை விழும் என்று என் கணவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விளக்குகிறார். எழுதுவதும் பேசுவதும் அவர். படம் பிடிப்பது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நான். யூடியூபில் ‘அறிவியல் அண்ணா’ என்றால் ஊருக்கே செல்லம். எங்கள் மூன்று வயது வாலுவுக்கு மட்டும் அவர் வீடியோ ஓடினால் தூக்கம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வருகிறார். மார்பில் கட்டி இருந்தது, ஆபரேஷன் ஆகிவிட்டது. இனி ஐந்து வாரம் கதிர்வீச்சு சிகிச்சை. ஆஸ்பத்திரி எங்கள் வீட்டுக்கு இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளித்தான். வேறு எங்கே போய்த் தங்குவார், பாவம்.

மார்ச் 10, திங்கள்

அக்காவுக்கு இன்று முதல் சிகிச்சை. கூடப் போனேன். சில நிமிஷ வேலைதான். வலிக்கவே இல்லை என்று ஆச்சரியமாகச் சொன்னார்.

ராத்திரி இவர் குரலைத் தாழ்த்தி, வாலுவைக் கொஞ்ச நாள் அக்காவிடம் விட வேண்டாம் என்றார். அக்கா அசதியாக இருப்பார், தொந்தரவு வேண்டாம் என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, எவ்வளவு அக்கறை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

(இரண்டு நாள் கழித்துச் சேர்க்கிறேன்: என்னைச் சொல்ல வேண்டும்.)

மார்ச் 12, புதன்

புதுத் தட்டு, புது டம்ளர் வாங்கி வந்திருக்கிறார். அக்காவுக்கு மட்டுமாம். கழுவி, எங்கள் பாத்திரங்களோடு சேராமல் ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைக்க வேண்டுமாம். அக்கா உட்கார்ந்து எழுந்த நாற்காலியை ஈரத்துணியால் துடைக்கிறார். யார்? அறிவியல் அண்ணா!

“புதுசா? நல்லாருக்கே” என்று அக்கா தட்டைத் திருப்பிப் பார்த்தார்.

மார்ச் 14, வெள்ளி

எழுதினாலாவது ஆறுமா பார்ப்போம்.

இன்று எடுத்தது மைக்ரோவேவ் வீடியோ. “அடுப்ப நிறுத்தினதும் அலையும் நின்னுடும். சாப்பாட்டுல எதுவும் தங்காது. இதுக்குப் போய் பயப்படுறவங்கள என்னன்னு சொல்றது?” என்று கண்ணடித்தார். நான் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறேன். அவர் தோளுக்கு மேலே, படத்துக்கு வெளியே, ஜன்னல் திட்டில் அந்தத் தட்டு தெரிகிறது.

படம்பிடித்து முடித்ததும் தட்டைக் காட்டிக் கேட்டே விட்டேன், அக்கா உடம்பில் மட்டும் கதிர் தங்குமா என்று.

“எனக்குத் தெரியாதா என்ன?” என்றார். “சில சிகிச்சையில கதிர் வீசுற மருந்து உடம்புக்குள்ளயே இருக்கும். அவங்க கொஞ்ச நாள் ஒதுங்கித்தான் இருக்கணும்.”

“அக்காவுக்கு அது இல்லையே. வெளியிலேர்ந்து மெஷின்ல குடுக்கிறாங்க.”

“தெரியும்மா. ஆனா குழந்தைன்னு வரும்போது...”

தெரியுமாம்! தெரியாதவர் பயந்தால் பாவம் என்று உட்கார்ந்து விளக்கலாம். எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, தெரிந்ததிலேயே ஒரு சாக்கைப் பொறுக்கி எடுக்கிற ஆளை என்ன செய்வது? சின்ன வயதில் இவருக்கு அம்மை போட்டபோது பக்கத்திலேயே படுத்திருந்து தானும் வாங்கிக்கொண்டவர் அந்த அக்கா. இவரே சொன்ன கதைதான் அது. சீ.

மார்ச் 18, செவ்வாய்

அக்காவுக்குச் சிகிச்சை தரும் டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நிறைய வீடுகளில் இப்படித்தான் என்றார். “லைட்ட அணைச்ச பிறகு ரூம்ல வெளிச்சம் மிச்சம் இருக்குமா? அவ்வளவுதாம்மா. குழந்தை அவங்க மடியிலயே தூங்கலாம். தோல் எரியுற பக்கம் இடிக்காம மட்டும் பாத்துக்குங்க.”

வந்து இவரிடம் அப்படியே ஒப்பித்தேன். கண்கள் விரிய, “நல்ல உதாரணம்” என்று சொல்லிவிட்டு போனில் குறித்துக்கொண்டார்.

தட்டு திட்டிலேயே இருக்கிறது.

மார்ச் 22, சனி

வாலு ஓடிப்போய் அக்கா மேல் விழப் பார்த்தாள். அக்கா சட்டென்று பின்னால் நகர்ந்து, “வேணாண்டா கண்ணா, அத்தைக்கு உடம்பு சரியில்ல” என்றார். ஆக, அவருக்கும் எல்லாம் புரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே.

வாலுவைத் தூக்கி அவர் மடியில் நானே உட்கார வைத்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இவர் வந்து, குளிக்க நேரமாகிவிட்டது என்று தூக்கிக்கொண்டு போனார். காலையில்தான் குளிப்பாட்டியிருந்தேன்.

மார்ச் 23

யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

இப்படியும் ஒரு நாள் விடியும் என்று நினைக்கவில்லை.

கதிர்வீச்சு சிகிச்சை பற்றி வீடியோ. டாக்டரம்மாவின் விளக்கு உதாரணம் இவருடையதாகிவிட்டது. கடைசியில் அக்காவை அழைத்து, “இதோ எங்க அக்கா. தாராளமா கட்டிப்பிடிக்கலாம்” என்று அணைத்துக்கொள்கிறார். முதல் தடவை கை தோளைத் தொடவே இல்லை, அந்தரத்தில் நின்றது. “இயல்பா இல்லையே” என்று அவரே சொன்னார். இரண்டாவது தடவை மைக் இடித்தது. மூன்றாவது தடவை ஒழுங்காக அணைத்தார். அக்கா கண்ணை மூடி அவர் தோளில் முகத்தைச் சாய்த்துவிட்டார். அக்கா நடிக்கவில்லை.

நான் கேமராவை நிறுத்தியதும் இவர் நேராகக் குளியலறைக்குப் போனார். தண்ணீர் நெடுநேரம் கொட்டியது. சோப்பு வாசனை கூடம் வரைக்கும் வந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வெட்டி எறியப் போனேன். பின்னால் அக்கா நின்றிருந்தார்.

“அத எனக்கு அனுப்பேன்” என்றார்.

“அக்கா, அது வந்து...”

“தண்ணி கொட்டின சத்தம் எனக்கும் கேட்டுச்சும்மா. இருந்தாலும் அனுப்பு.”

அனுப்பினேன். பிறகு கம்ப்யூட்டரிலிருந்தும் கேமராவிலிருந்தும் அழித்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்றுக் காலை அணைப்பு இல்லாமலே வீடியோ வெளியானது. அந்தத் துண்டு எப்படியோ அழிந்துவிட்டது என்று இவரிடம் சொன்னேன். “உயிரே அதுலதானே இருந்துச்சு” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு பெண் வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கிறார்: சிகிச்சை தொடங்கியதிலிருந்து தனி அறையில் படுத்திருந்தாராம். வீடியோ பார்த்துவிட்டு நேற்று மகனைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டாராம். படித்து அழுதேன். வீடியோவில் இவர் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இந்த ஆளிடமிருந்து அந்த நல்லது எப்படிப் போய்ச் சேர்ந்தது? அருவருப்பு மட்டும் ஒரு துளி குறையவில்லை.

ஏப்ரல் 12, சனி

நேற்றோடு சிகிச்சை முடிந்தது. ரயிலில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. அக்காவுக்குத் துணையாகப் போய் அவர் ஊரில் விட்டுவிட்டு வருவதாகத்தான் இவரிடம் சொன்னேன். மழைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தும் பெட்டியில் வாலுவின் மழைச்சட்டையையும் வைத்ததை இவர் கவனிக்கவில்லை.

வாலு அக்கா மடியில் வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். எச்சில் ஒழுகிப் புடவை நனைந்திருக்கிறது. நான் தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அக்கா தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

சற்று முன் இவர் போன் செய்தார். திங்கட்கிழமை செயற்கைக்கோள் வீடியோ எடுக்க வேண்டுமாம். எப்போது திரும்புவாய் என்று கேட்டார்.

கேமரா ஸ்டாண்ட் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்று சொன்னேன்.