அப்பாவின் தொப்பிக்கு இடமில்லாத கார்

மார்ச் 7, 1948, ஞாயிறு

அப்பா கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டார். ஒக்லஹோமாவில் நிலமெல்லாம் புழுதியாய்ப் போனபிறகு எங்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்த 1930 ஃபோர்டு செடான். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து வந்த கார்.

"எஞ்சினை மாத்து, பெயின்ட் அடி, என்ன கூத்து வேணா பண்ணு. ஞாயித்துக்கிழமை என்னை சர்ச்சுல கொண்டு விட்டுடணும், அவ்வளவுதான்" என்றார்.

என் வீட்டுக்காரன் வெஸ்ஸுக்கு, பழைய காரைப் பிரித்துப் பேய்வேக வண்டியாக்கும் ஹாட் ராட் என்றால் சோறு தண்ணி வேண்டாம். எனக்கு மட்டும் வேண்டுமா என்ன.

மார்ச் 20

மட்கார்டு, பம்பர் எல்லாம் கழற்றியாயிற்று. விபத்தில் நொறுங்கிய ஒரு காரின் எட்டு சிலிண்டர் வி-எட்டு எஞ்சினை உள்ளே இறக்கி, சாயங்காலம் முதல்முறையாக ஸ்டார்ட் செய்தோம். தரை அதிர்ந்தது. அலமாரியில் ஆணி டப்பாக்கள் நகர்ந்தன. இருவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். காய்கறி மூட்டை சுமந்த வண்டியா இது?

ஏப்ரல் 3

காற்று தடுக்காமலிருக்கக் காரின் கூரையை இறக்கினோம். தூண்களில் நாலு அங்குலம் அறுத்தெடுத்து, கூரையைத் தாழ்த்தி வைத்து, நான் வெல்டு வைத்தேன். போர்க்காலத்தில் கப்பல் பட்டறையில் பழகிய கை. தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பதுங்கும் மிருகம் மாதிரி நின்றது. என் கைதான் செய்தது, ஆனாலும் கிட்டே போகக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஏப்ரல் 4

பாவிகள் நாங்கள். அளவு பார்க்க உள்ளே உட்கார்ந்தது வெஸ். வெஸ் குள்ளன். அப்பா ஆறடிக்கு மேல் — அதற்கும் மேலே தொப்பி.

"தொப்பியை மடியில வெச்சுக்கோங்கப்பா."

"சர்ச்சுக்குள்ளயும் உங்கம்மா கல்லறைகிட்டயும் தவிர இதை நான் கழட்டினதில்லே. ஒரு தகரத்துக்காகக் கழட்டணுமா?"

சர்ச்சுக்கு நாலு மைல். நடந்தே போனார்.

ஏப்ரல் 18

இன்றும் நடந்தார்.

மே 2

அறுத்த துண்டுகள் அலமாரியில்தான் இருக்கின்றன. வெஸ்ஸிடம் சொல்லிவிட்டேன்: "அந்த வறண்ட ஏரி ரேஸ்ல ஒரு தடவை ஓட்டிக்கோ. அதுக்கப்புறமும் அப்பா ஏறலைன்னா, துண்டையெல்லாம் திரும்ப வெச்சு ஒட்டிடுவேன்."

"ஒட்டு. ஆனா வெர்னா, அப்புறம் அது மறுபடி காய்கறி வண்டிதான்" என்றான்.

எனக்குத் தெரியாதா? அதுக்காக அந்த மனுஷனை நடக்க விடுறதா?

மே 16, ஞாயிறு

எல் மிராஜ். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத ஏரி. வெடித்த களிமண் தரை கண்ணுக்கெட்டிய வரை. அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தேன் — காரைக் கட்டி இழுத்த லாரியில், தொப்பியோடு. ரேஸ் நடத்தும் கிளப்பில் பெண்கள் ஓட்டக்கூடாதாம். அந்தச் சண்டை வேறொரு நாளைக்கு.

கொடி இறங்கியது. வெஸ் கிளம்பினான். பின்னால் புழுதி எழுந்து நீண்டது. கார் சின்னதாகி, புள்ளியாகி, பிறகு புள்ளியும் இல்லை. சத்தம் மட்டும் மலை வரை போய்த் திரும்பி வந்து நெஞ்சில் இடித்தது. மணிக்கு நூற்றுநாலு மைல் என்று யாரோ கத்தினார்கள். கப்பல்கள் கடலில் இறங்குவதைப் பார்த்தவள் நான். இது வேறே. உடம்பெல்லாம் புல்லரித்தது. அழுதேன்.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். வெறுந்தலையோடு நின்றார். தொப்பி மார்பில் இருந்தது. எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"அது நம்ம வண்டியா?"

"ஆமாம்ப்பா."

புழுதியைப் பார்த்தபடி, "வேகமா போங்க, வேகமா போங்கன்னு ஒக்லஹோமாவிலேர்ந்து வர்ற வழியெல்லாம் உங்கம்மா நச்சரிச்சா. நான் முப்பத்தஞ்சைத் தாண்டலை" என்றார்.

மே 23, ஞாயிறு

துண்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

சர்ச்சுக்கு மூவரும் காரில் போனோம். நான் ஓட்டினேன். அப்பா முன்னால், முழங்கால் முகவாயைத் தொட. பின்சீட்டில் அம்மா இடத்தில் தொப்பி, பக்கத்தில் வெஸ். அதன்மேல் உட்கார்ந்துவிடாதே என்று அவனுக்கு இரண்டு தடவை எச்சரிக்கை.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் அப்பா என் தோளைத் தட்டினார்.

"இன்னும் கொஞ்சம் வேகமா போயேம்மா."