கிரனாடா மலையில் ஞாயிற்றுக்கிழமைகள்

லா சப்பல், பரிஸ்
8 ஜனவரி 2025

அன்புள்ள தயாளினிக்கு,

நான் நல்ல சுகம். நீரும் அப்படியே இருப்பீர் என்று நம்புகிறேன். போனில் கதைத்தால் இரண்டு பேரும் கத்துகிறோம், அதனால் எழுதுகிறேன். சாப்பாட்டுக்கடையில் மத்தியானச் சனம் கலைந்துவிட்டது. குசினிக்குப் பின்னால் வெங்காயச் சாக்கின் மேல் இருந்து எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதேயும்.

ஸ்டெஃபானி அக்காவின் விடுதியில் இரண்டு மாதம் சமைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றுதான் ஒக்டோபரில் ஸ்பெயினுக்குப் போனீர். இது நாலாவது மாதம். "உதயண்ணை, அக்கா எங்கை?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். அந்தக் கிரனாடாவில் அப்படி என்னதான் இருக்கிறது? எங்கள் மகளிடம் கேட்டேன். றொஷானி வழமைபோலப் பிரெஞ்சில் பதில் சொன்னாள். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறுகிறாவாம். கார் து நோர் ரயில் நிலையப் படிக்கட்டில் என் கையைப் பிடித்து இறங்குகிற ஆள் அல்லவா நீர்! ஐம்பத்திரண்டு வயதில் விழுந்து காலை முறித்தால் யார் பார்ப்பது?

பொங்கலுக்கு முன் புறப்பட்டு வாரும்.

உமது
உதயன்

*

கிரனாடா
20 ஜனவரி 2025

அன்புள்ள றொஷானியின் அப்பாவுக்கு,

பொங்கலுக்கு வராததற்குக் கோபிக்க வேண்டாம். இங்கேயே பொங்கி, விடுதியில் தங்கியிருந்த எல்லாருக்கும் கொடுத்தேன். நீங்கள் பிறெஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

கிரனாடாவில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். யன்னலைத் திறந்தால் பனி மூடிய மலை. தெருவில் வெயில், மேலே வெள்ளை. ஞாயிறு காலை பஸ் எடுத்தால் அரை மணியில் மொனச்சில் என்ற ஊர். அங்கிருந்து நடை. ஆற்றுக்கு மேலே ஒரு தொங்குபாலம் ஆடும். அதைத் தாண்டினால் பாறை இடுக்கு. ஓரிடத்தில் குந்தியபடி, சுவரில் அடித்திருக்கும் இரும்புப் பிடிகளைப் பற்றித்தான் நகர வேண்டும். முதல் தடவை அழுதேன். நாலாம் தடவை மற்றவர்களுக்குக் கை கொடுத்தேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், பயப்படாதீர்கள். ஏழு பேர் மேல்பாதையால் போனோம். எங்களைக் கூட்டிப்போகிற கார்மென் சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து மூடுபனியும் இறங்கியது. போன் வேலை செய்யவில்லை. அகலமாகத் தெரிந்த ஒரு பாதையில் இறங்கிவிடுவோம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏறும்போது ஆற்றின் சத்தம் இடப்பக்கம் கேட்டது. இறங்கும்போது வலப்பக்கம் கேட்க வேண்டும் அல்லவா? அந்தப் பாதையில் சத்தமே இல்லை. "அகுவா, அகுவா" என்று காதைத் தொட்டுக் காட்டினேன். தண்ணீருக்கு அவர்களின் சொல் அது. கார்மென் கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "தயா சொல்வதுதான் சரி" என்றாள். நான் முன்னே, கார்மெனைத் தாங்கியபடி மற்றவர்கள் பின்னே. மூன்று மணித்தியாலம். இருட்டுவதற்குள் ஊருக்கு வந்துவிட்டோம்.

இருபத்தாறு வருடம் உங்களுக்குப் பின்னால் நடந்தேன். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் முன்னால் நடக்கவும் என்னால் முடியும் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

அக்கா என்னை இங்கேயே வேலைக்கு நிற்கச் சொல்கிறா. எனக்கு விருப்பம். உங்களிடம் கேட்காமல் பதில் சொல்ல மனமில்லை. ஒருமுறை வந்து பாருங்கள்.

அன்புடன்
தயாளினி

*

லா சப்பல்
27 ஜனவரி 2025

அன்புள்ள தயாளினிக்கு,

உமது கடிதத்தைக் குசினியில் உரத்து வாசித்தேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த லவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கடை அக்காவோ?" என்றான். "ஓம், என்ரை மனுசிதான்" என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

எட்டாம் திகதி வருகிறேன். ஆனால் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

உதயன்

*

லா சப்பல்
11 பெப்ரவரி 2025

என் அன்புத் தயாளினி,

நேற்றிரவு சுகமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் இன்னும் நோகிறது.

பாதாம் மரங்கள் பூத்திருந்த அந்தச் சரிவில் எனக்கு மூச்சு வாங்கியது, ஒரு கல்லில் இருந்துவிட்டேன். "நானும் இருக்கிறன்" என்றீர். "இல்லை, நீர் போயிட்டு வாரும்" என்றேன். நீர் போன பிறகு ஒரு மணித்தியாலம் உம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீல ஜக்கெற் சின்னதாகிச் சின்னதாகி மேலே போனது. வளைவுகளில் மற்றவர்கள் நீர் வரும்வரை நின்றார்கள், நீர் காட்டிய பக்கம் திரும்பினார்கள். நீர் ஒருக்காலும் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் மனம் நொந்தது. பிறகு விளங்கியது. அவ்வளவு செங்குத்தில் ஏறுகிறவள் கால் வைக்கிற இடத்தைத்தான் பார்ப்பாள்.

இறங்கி வந்தபோது உமது முகத்தைக் கண்டேன். கலியாணப் படத்திலும் அப்படி ஒரு முகம் இல்லை, தயா. நான் இதுவரை யாரோடு வாழ்ந்தேன் என்று யோசித்தேன்.

சொல்லாத ஒன்று இருக்கிறது. உமக்கும் சேர்த்து ரிக்கெற் எடுத்துக்கொண்டுதான் வந்தேன். விமான நிலையத்தில் அதை வெளியே எடுக்கவில்லை. என் பக்கத்து இருக்கை பரிஸ் வரைக்கும் வெறுமையாக வந்தது.

வேலைக்கு நிற்கிறேன் என்று அக்காவிடம் சொல்லும். எப்போது வருவீர் என்று இனி நான் கேட்கமாட்டேன்.

ஏப்ரலில் எனக்கு ஒரு கிழமை லீவு கிடைக்கும். வரலாமோ, வேண்டாமோ என்று நீர்தான் சொல்ல வேண்டும்.

உமது
உதயன்